ஆறாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவில்

நான் வெளியுறவுப் பணிக்குத் தேர்வானபோது முதலில் சிரித்தவன் என் அண்ணன்தான். "சண்டையை விலக்கப் போறவனுக்குத்தான் முதல் அடி விழும். அதுக்குப் போய் எட்டு மாசம் படிப்பா?" என்று கேட்டான். அன்றிலிருந்து வீட்டில் எனக்குத் தூதரம்மா என்று பெயர்.

அண்ணன் சரக்குக் கப்பல்களில் மின்பணியாளனாக இருந்தான். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் அவன் வீட்டில்தான் இருந்தேன். அவன் கடலில் இருக்கும் மாதங்களில் அண்ணியும் நானும் மட்டும். அண்ணி பள்ளிச் சீருடை தைக்கும் ஓர் இடத்தில் துணி வெட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் கட்டை விரலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் அன்றைய வகுப்பைச் சொல்லுவேன். அவளுக்கு அது தொடர்கதை கேட்பது மாதிரி.

பயிற்சி நிலையத்தில் காலை முழுவதும் கொள்கை, மதியத்துக்கு மேல் நடைமுறை. நாடுகள் ஏன் மோதுகின்றன, ஏன் ஒத்துப்போகின்றன, வலிமையின் சமநிலை என்றால் என்ன என்று காலையில் பலகை நிறையக் கட்டங்கள் போடுவார்கள். மதியத்துக்கு மேல், விருந்தில் குளிர்ந்த கிளாஸை இடது கையில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கைகுலுக்கும்போது எதிராளிக்கு ஈரக் கை கிடைக்கும் என்பது மாதிரியான பாடங்கள். அண்ணனிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னால், "சண்டை ஏன் வருதுங்கிறதுக்கு நாலு கொள்கையா? எங்க கப்பல்ல ஒரு மின்விசிறி சுவிட்சுக்கே ஆறு கோஷ்டி இருக்கு. வந்து பாரு" என்பான்.

நடைமுறைப் பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற தூதர் ஒருவர். மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை 'ஆயினும்' என்று சொல்லி எதிர்ப்பக்கம் திரும்பிவிடுவார். அவர் காதில் விழாமல் நாங்கள் அவரை ஆயினும் சார் என்றே சொன்னோம். என் பக்கத்து இருக்கைக்காரன் பெயர் வானிலை. அறிமுகமில்லாதவர்களிடம் பேச்சைத் தொடங்க வானிலையைப் பற்றிப் பேசலாம் என்று முதல் வாரம் சொல்லிக்கொடுத்ததை அவன் காவலாளி வரை எல்லோரிடமும் பயன்படுத்தினான்.

நான்காவது வாரம் அண்ணனின் கப்பலைப் பிடித்து வைத்தார்கள்.

அது நின்ற துறைமுகம் ஐந்து வருடங்களாக யாருக்குச் சொந்தம் என்று தீராத இடம். அங்கே ஆள்பவர்கள் தங்களைக் குடியரசு என்று சொல்லிக்கொண்டார்கள். கொடி, முத்திரை, அதிபர் எல்லாம் வைத்திருந்தார்கள். எங்கள் அரசு அவர்களை அப்படி ஏற்கவில்லை. பெரும்பாலான அரசுகள் ஏற்கவில்லை. சரக்கின் உரிமை பற்றி ஏதோ வழக்கு என்று சொல்லிக் கப்பலை நிறுத்தி, பதினேழு பேரையும் உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஆளுக்கு ஐந்து நிமிடம் கப்பல் தொலைபேசியில் வீட்டுக்குப் பேச அனுமதியும் இருந்தது.

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. பிடிபடுவதற்கு முன்பே இயந்திர அறையில் ஏதோ குத்தி இடது பாதத்தில் ஒரு புண். முதல் வெள்ளிக்கிழமை, "சின்னதுதான். காலு பெருசு, புண்ணு சிறுசு" என்றான். இரண்டாவது வெள்ளிக்கிழமை மாத்திரை தீரப்போகிறது என்றான். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அன்று ஐந்து நிமிடம் முடிவதற்கு முன்பே தொலைபேசியை வைத்துவிட்டான்.

கரையில் மருத்துவமனை இருந்தது. கப்பலிலிருந்து பார்த்தால் அதன் தண்ணீர்த் தொட்டி தெரியுமாம். அவனை அங்கே இறக்க வேண்டும் என்று தலைமை மாலுமி கேட்டபோது, துறைமுக அலுவலகம் ஒரு விதி சொன்னது. கப்பல்காரர்கள் கேட்டால் செல்லாது. அவனுடைய அரசு கேட்க வேண்டும், அல்லது குடும்பம் கையெழுத்துப் போட்டுத் தாளில் எழுதிக் கேட்க வேண்டும்.

நான் அமைச்சகத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறிப் போனேன். அந்தப் பகுதியைக் கவனிக்கும் அதிகாரி நல்ல மனிதர். என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அரசு எழுத முடியாது என்று விளக்கினார். எழுதினால் யாருக்கு என்று எழுதுவது? அவர்கள் பதவியைப் போட்டு எழுதினால் அவர்களை ஏற்றுக்கொண்டதாகிவிடும். இன்னொரு நாட்டின் மூலம் பேச்சு நடக்கிறது, பொறுமையாக இரு என்றார். கடைசியில், "நீ இங்க பயிற்சியில இருக்கிறவ. சொந்த விஷயத்துக்கு இந்த மாடிக்கு வர்றது சரியில்லம்மா. நாளைக்கு உனக்கே அது பிரச்சினையாகும்" என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. நான் நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

அண்ணி என்னைத்தான் நம்பியிருந்தாள். அமைச்சகத்திலேயே ஆள் இருக்கும்போது எதற்குக் கவலை என்று அவள் வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் சொன்னார்களாம். "நீ பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்து படிக்கிற. ஒரு வார்த்தை சொன்னா ஆகாதா?" என்று கேட்டாள். அந்தக் கட்டடத்தில் நான் யார் என்பதை அவளுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. "பேசிக்கிட்டு இருக்காங்க அண்ணி" என்று மட்டும் சொன்னேன்.

ஆறாவது வாரம் புதன்கிழமை, ஏற்கப்படாத அரசுகளைப் பற்றிய பாடம். ஆயினும் சார் அதை ஒரு விளையாட்டாக நடத்தினார். நீண்ட மேசையைச் சுற்றி எல்லோருக்கும் முன்னால் நாட்டின் பெயர்ப்பலகை. ஒரே ஒரு நாற்காலிக்கு மட்டும் பலகை இல்லை. அதில் வானிலை உட்கார்ந்தான். அவன்தான் ஏற்கப்படாத தரப்பு. அவனோடு ஒன்றரை மணி நேரம் பேசி ஒரு பாலத்தைத் திறக்கச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஆனால் ஒரு முறைகூட அவன் பதவியையோ நாட்டையோ சொல்லக் கூடாது. சொன்னால் ஒரு மதிப்பெண் போகும்.

வானிலை அன்று கொழுப்பெடுத்துப் போயிருந்தான். "மாண்புமிகு அமைச்சரேன்னு ஒரு தடவை கூப்பிடுங்க, பாலம் என்ன, ஆத்தையே தர்றேன்" என்றான். "எங்க நாட்டுல இன்னைக்கு வெயில். எந்த நாட்டுலன்னு கேளுங்களேன்" என்றான். சிரித்துச் சிரித்து ஒவ்வொருவராக வாய் தவறினார்கள். 'அங்குள்ள பொறுப்பாளர்கள்', 'அக்கரையில் இருப்பவர்கள்', 'நடைமுறையில் பாலத்தைக் கவனிப்பவர்கள்' என்று வளைத்து வளைத்துப் பேசி, கடைசி வரை ஒரு மதிப்பெண்கூட இழக்காதது நான் ஒருத்திதான்.

"பார்த்தீங்களா, இதுதான் பயிற்சி" என்றார் ஆயினும் சார். "ஒரு பெயரைச் சொல்லிட்டா திரும்ப எடுக்க முடியாது."

வெளியே வரும்போது வானிலை, "கல்நெஞ்சுக்காரி. ஒண்ணரை மணி நேரம் என்னை மனுஷனாவே மதிக்கலயே நீ" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது மறைக்க விரும்பவில்லை. அண்ணனுக்கு இப்படி இருந்த நாளில் நான் அந்தப் பாராட்டோடு பேருந்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அண்ணி கடிதம் எழுதி வைத்திருந்தாள். கோடு போட்ட தாள், ஒன்றரைப் பக்கம். கப்பலின் சமையல்காரருக்கும் நெஞ்சுவலி இருந்ததால் அவர் மனைவியும் எழுதுகிறாளாம். அவள் எங்கிருந்தோ முழு முகவரியும் விசாரித்துச் சொல்லியிருந்தாள். அந்தக் குடியரசின் முழுப் பெயர், மேதகு அதிபரின் ஆட்சியில், மாண்புமிகு துறைமுக ஆணையர் அவர்களின் சமூகத்துக்கு என்று அண்ணியின் கடிதம் தொடங்கியது. மறுநாள் வியாழக்கிழமை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழனன்று கப்பல் முகவரின் ஆள் பக்கத்து நாடு வழியாகத் தபால் பையைக் கொண்டுபோவான். அதைத் தவிர அங்கே தாள் போக வேறு வழியில்லை.

"படிச்சுப் பாரு பாப்பா. தப்பு இருந்தா திருத்து" என்றாள்.

நான் திருத்தினேன். குடியரசை எடுத்தேன். அதிபரை எடுத்தேன். ஆணையர் அவர்களை எடுத்துவிட்டு, துறைமுகத்தைக் கவனித்துவரும் பொறுப்பாளருக்கு என்று போட்டேன். 'உங்கள் நாட்டு மருத்துவமனை' என்று அவள் எழுதியிருந்ததை 'அங்குள்ள மருத்துவமனை' என்று மாற்றினேன்.

அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏன், அந்தப் பேரு தப்பா?"

"தப்பில்ல அண்ணி. நாம அதைச் சொல்லக் கூடாது. நான் அமைச்சகத்துல இருக்கேன். இந்த வீட்டுலேர்ந்து போற கடிதத்துல அந்தப் பேரு இருந்தா, அவங்க அதைப் பேப்பர்ல போட்டு, பாருங்க எங்களை ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. இப்ப நடக்கிற பேச்சும் கெட்டுப்போகும்."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டாதானே திரும்பிப் பார்ப்பாங்க?"

"மரியாதையாத்தான் எழுதியிருக்கேன்."

"அது சரி. மரியாதையா 'யாரோ ஒருத்தருக்கு'ன்னு எழுதியிருக்க" என்று சொல்லிவிட்டு, அவளே சிரித்தாள். "எனக்கென்ன தெரியும், வெட்டுறவ நான். படிச்சவ நீ சொல்ற." புதிய தாளில் நான் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்துப் போட்டாள். காலையில் அவளே கொண்டுபோய் முகவரிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணனின் குரலில் காய்ச்சல் தெரிந்தது. "அனுப்பிட்டீங்களா? தூதரம்மா திருத்தினதா? அப்ப கவலையில்ல. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்காக வேறொருவர் பேசினார். அவன் தூங்குகிறான் என்றார்.

எட்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை ஆயினும் சார் வகுப்புக்கு வந்து, "போன தடவை பாதிதான் சொன்னேன்" என்று தொடங்கினார். ஏற்பு என்பது அரசு செய்யும் காரியம். அரசின் சார்பில் பேச உரிமை உள்ளவர்களைத்தான் அந்த விதி கட்டும். தனி மனிதர் யாரை எப்படி அழைத்தாலும் அதனால் யாரும் ஏற்கப்பட்டதாகாது. ஒரு வியாபாரி, ஒரு நோயாளி, ஒரு மனைவி என்ன பெயரும் போட்டு எழுதலாம். "சொல்லப்போனா, நாம எழுத முடியாத இடத்துல குடும்பத்தை எழுதச் சொல்றதே ஒரு வழிமுறை. ஆயினும், முழுப் பதவியோட எழுதச் சொல்லணும். இல்லேன்னா அவங்க உறையைக்கூடப் பிரிக்க மாட்டாங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் எழுதினேன். அந்தக் குறிப்பேடு இன்னும் இருக்கிறது. எழுத்து கோணாமல்தான் இருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் நடைபாதையில் அவரைப் பிடித்தேன். என்ன செய்தேன் என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"விதி தெரியும்னு நினைச்சேன் சார்."

"விதி தெரியும். அது யாருக்கு விதின்னு எட்டாவது வாரம்தானே வருது." அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பாடத்திட்டத்தை வகுத்தவரே அவர்தான். கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். "இன்னொண்ணு எழுதி அனுப்புங்க. உடனே." அன்று அவர் ஆயினும் என்று சொல்லவில்லை.

உடனே என்றுதான் சொன்னார். அடுத்த பை வியாழக்கிழமை. இரண்டு நாள் இருந்தது. நான் வீட்டுக்குப் போனபோது அண்ணி வெந்நீரில் விரலை வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன கதை?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. போன கடிதத்துக்கே நல்ல பதில் வந்துவிடலாம், அதற்குள் அவளை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். புதன்கிழமையும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை அவள் மதியச் சாப்பாட்டை டப்பாவில் போட்டு மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று பை போயிற்று.

சனிக்கிழமை சமையல்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அவரை விட்டுவிட்டார்கள். மெலிந்திருந்தார், மற்றபடி நன்றாக இருந்தார். அவர் மனைவியும் கூட வந்திருந்தாள். மகிழ்ச்சியை எங்கள் முன்னால் காட்டக் கூடாது என்று முகத்தை இறுக்கி வைத்திருந்தாள்.

"இவ கடுதாசியை ஆணையர் ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்" என்றார் சமையல்காரர். "வெளிநாட்டுலேர்ந்து அவங்க பேரை இப்படி முழுசா யாரும் எழுதினதே இல்லையாம். கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டாத குறை." பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். எங்கள் உறை. பிரிக்கப்படவில்லை. மேலே ஒரு முத்திரை: இந்தப் பெயரில் இங்கே அலுவலகம் இல்லை.

அண்ணி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அவருக்கு எப்படி இருக்கு?"

சமையல்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "புண்ணு கணுக்காலுக்கு மேல வந்துடுச்சும்மா. நெனப்பு வந்து வந்து போகுது. நெனப்பு இருக்கிறப்ப நல்லாத்தான் பேசுறாரு. நான் இறங்குறப்ப, போய்ச் சேர்ந்ததும் நல்ல சாப்பாடு போடு, இங்க போட்ட மாதிரி போடாதன்னாரு."

அவர்கள் போன பிறகுதான் சொன்னேன். அந்தப் பெயரை எழுதியிருக்கலாம், எழுதியிருக்க வேண்டும் என்றேன். அண்ணி தாளை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "சொல்லு, எழுதுறேன்."

குடியரசு, மேதகு, மாண்புமிகு, சமூகத்துக்கு. ஒன்றையும் விடவில்லை. முகவரைப் பார்க்க அன்றே ஓடினோம். வேறு ஆள், வேறு வழி, எதற்கும் தயார் என்றோம். "பை போனா நானும் அனுப்புவேன். பையே போகலைன்னா நான் என்ன, காத்துல விடவா?" என்றார். எல்லைக் கடவை அந்த ஒரு நாள்தான் திறக்கும். நாங்கள் பன்னிரண்டு நாள் அந்தக் கடிதத்தை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தோம். நான் பயிற்சிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். வேறு எங்கே போவது? ஒன்பதாவது வாரம் கொடிகளின் வரிசைமுறை.

பத்தாவது வாரம் வியாழக்கிழமை கடிதம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அது ஆணையரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே, விடுமுறை நாள் என்றும் பார்க்காமல், ஒரு படகு அனுப்பி அவனை இறக்கினார்கள். மருத்துவமனையில் நன்றாகவே பார்த்தார்கள் என்று தலைமை மாலுமி சொன்னார். காலை எடுத்தார்கள். புதன்கிழமை விடியும் முன் போய்விட்டான். இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் காலோடு போயிருக்கும் என்று அங்கே மருத்துவர் சொன்னாராம். மாலுமி அதை ஏன் எங்களிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அவருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

உடல் வந்தது. செய்ய வேண்டியதைச் செய்தோம். வானிலை வந்து ஒரு மூலையில் மூன்று மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனான்.

ஒரு மாதம் கழித்து இறப்புச் சான்றிதழைப் பதிவு செய்ய அண்ணியும் நானும் மூன்றாவது மாடிக்குப் போனோம். இந்த முறை நான் அங்கே போகலாம். அதே அதிகாரி எழுந்து நின்று எங்களை உட்காரச் சொன்னார். சான்றிதழின் தலைப்பில் அந்தக் குடியரசின் பெயர் தங்க நிறத்தில் இருந்தது, கொடியோடும் முத்திரையோடும். அவர் அதைப் படித்தார், பதிவேட்டில் எழுதினார், எங்கள் அரசின் முத்திரையை அதன் கீழே வைத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணி அந்தத் தாளை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இதுல அவங்க பேரு பெருசா இருக்கே. உங்களுக்குப் பரவாயில்லையா?"

"பிறப்பு, இறப்பு, கல்யாணம், இதுக்கெல்லாம் பரவாயில்லைம்மா. குடும்பத்துக்காரங்க கஷ்டப்படக் கூடாதுன்னு ஒரு விலக்கு இருக்கு" என்றார் அவர், மெதுவாக.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "குடும்பத்துக்கு விலக்கு இருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

சனிக்கிழமை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"செவ்வாய்க்கிழமை வகுப்புல சொன்னாங்க அண்ணி. சமையல்காரர் வந்தாரே, அந்த வாரம்."

அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. துணியை வெட்டும் முன் கண்ணாலேயே அளப்பாளே, அப்படி ஒரு பார்வை. செவ்வாய், புதன், வியாழன். வியாழனில் நின்றாள். அதிகாரி ஏதோ கோப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"ஓ" என்றாள்.

சான்றிதழை மடிக்காமல் பைக்குள் வைத்தாள். அதிகாரிக்கு நன்றி சொன்னாள். மாடிப்படியில் எனக்கு முன்னால் இறங்கினாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. கீழே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். மாதக்கணக்காக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன், என்ன நடந்த பிறகும் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று.

எங்கள் பேருந்து வந்தது. அவள் ஏறி, ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிறுத்தம் போன பிறகு அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன்.